உப்பளத்துக் கரையில் ஒரு சீனக் குரல்

மாசி மாதத்தின் பின்னிரவில், கீழ்வானத்தில் வெளுப்பின் அறிகுறி சிறிதும் தோன்றாத வேளையிலேயே, மரக்காணத்து உப்பளங்களில் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு வெள்ளைப் பாத்தியில் நின்று கண்ணைத் திறக்க இயலாது என்பதால், அரிக்கேன் விளக்குகளை ஏந்திய ஆண்களும் பெண்களும் குறுகிய வரப்புகளின்மேல் ஒருவர்பின் ஒருவராக வந்து, விளைந்து கிடக்கும் உப்பைப் பலகையால் இழுத்துக் கரையோரம் குவிப்பார்கள்; ஈர உப்பின்மேல் பலகை உராயும் ஓசையன்றி வேறோர் ஓசை அந்த வெளியில் அப்போது கேட்பதில்லை. 1987ஆம் ஆண்டின் கோடை முழுவதும், எங்கள் குடும்பம் குத்தகைக்கு எடுத்திருந்த பாத்திகளின் ஓரத்தில் மட்டும், அந்த உராய்வோடு மற்றோர் ஒலியும் கலந்து கேட்டது. எட்டாண்டுகள் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்துவிட்டு முந்தைய வருஷம் ஊர் திரும்பியிருந்த என் பெரியப்பா, கீற்றுக் கொட்டகையின் மூங்கில் காலில் ஒரு நேஷனல் டேப்-ரிக்கார்டரைத் தொங்கவிட்டு, ஒரே ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பப் பாடச் செய்துகொண்டிருந்தார். அதில் ஒலித்த பெண்குரல் மிகத் தாழ்ந்த குரல். பாடுகிறவள் நம் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த அறையில் தூங்கும் குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாதே என்ற கவலையோடு பாடுவது போலிருந்தது. பாஷையோ மாண்டரின் சீனம்.

"இன்னா பாட்டுண்ணே இது? ஒண்ணும் வெளங்கலையே" என்று, கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே ஓர் அம்மாள் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "வெளங்க வேணாம்மா, சும்மா கேளு" என்றார் பெரியப்பா. அந்த அம்மாளும் கேட்டாள். பாட்டு முடிகிறவரை கூடையை இறக்கவுமில்லை, அடி எடுத்து வைக்கவுமில்லை.

பாடியவர் தெரேசா தெங் என்பதையும், அவருடைய சீனப் பெயர் தெங் லிஜுன் என்பதையும், அவர் தைவான் தீவினர் என்பதையும் நான் அறிந்துகொள்ள இன்னும் பதினைந்து வருஷங்கள் ஆயின. எங்கோ பிறந்து, நமக்குத் தெரியாத ஒரு மொழியில் பாடி, நம்முடைய இருப்பையே அறியாமல் மறைந்துபோன ஒரு பாடகியிடம், நெய்தல் நிலத்து மனிதர் ஒருவர் தம் ஆயுள் முழுவதும் கொண்டிருந்த பற்றுக்கு என்ன பெயர் சொல்வது, அது எந்த வழியாக வந்தது, அதற்கு மதிப்பு உண்டா என்னும் மூன்று கேள்விகளே இந்தக் கட்டுரைக்குக் காரணம். அயல்நாட்டுப் பாடகர்களிடம் நம்மவர் கொள்ளும் பற்றை வெறும் மோகம் என்று தள்ளிவிடும் பழக்கம் படித்தவர்களிடம் வேரூன்றி இருக்கிறது. அந்தப் பழக்கம் பிழையானது என்பதே என் முடிவு.

பெயரைப் பற்றிய கேள்விக்குத் தமிழிலேயே விடை உண்டு. ஒருபால் மட்டும் நிகழும் அன்பைத் தொல்காப்பியர் கைக்கிளை என்று குறித்து, அதனையும் எழுதிணையுள் ஒன்றாகவே வைத்தார். ஏழிசையின் பெயர்களாகிய குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் வரிசையில், இன்று நாம் காந்தாரம் என்று வழங்கும் மூன்றாம் ஸ்வரத்துக்கும் கைக்கிளை என்பதே பெயர். முதல் ஸ்வரமாகிய ஷட்ஜத்துக்குக் குரல் என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். குரலிலிருந்து இரண்டு படி ஏறினால் கைக்கிளை என்னும் இந்த அமைப்பு எவரும் திட்டமிட்டுச் செய்ததாக இராது. எனினும், கேட்போனுக்கும் பாடுவோனுக்கும் உள்ள உறவைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. பாடகிக்கு ரசிகன் ஒரு கூட்டத்தின் பகுதி. ரசிகனுக்குப் பாடகி ஒருத்தியே. இந்தச் சமமின்மையைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் அன்பு தாழ்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

வந்த வழியைப் பற்றிச் சொல்வதானால், இந்தக் கரையின் பழமையிலிருந்து தொடங்க வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், சோழமண்டலக் கரையின் துறைமுகங்களாகக் கமரா, பொதுகே, சோபட்மா என்ற மூன்றைச் சொல்கிறது. சோபட்மா என்பது சோப்பட்டினத்தின் திரிபு. சோ என்றால் மதில். மதிலுக்கு எயில் என்றும் பெயர். ஆகவே, நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுக்கு உரியதாக வரும் எயிற்பட்டினமும் இதுவே. அது இன்றைய மரக்காணம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. பெரிப்ளூஸ் ஆசிரியர் இந்தத் துறைகளில் தங்கிய கப்பல்களைப் பிரித்துச் சொல்லும்போது, கரையோரமாகச் செல்லும் சிறிய கலங்களையும், பொன்னாடு என்று கிரேக்கர் அழைத்த கீழ்த்திசை நிலத்துக்கும் கங்கை முகத்துக்கும் செல்லும் பெரிய கலங்களையும் வேறுபடுத்துகிறார். கிழக்கே போவது இந்தக் கரைக்குப் புதிய காரியமன்று. மேலும், சிறுபாணாற்றுப்படை என்பதே ஒரு பாட்டுத் தொழிலாளன் மற்றொரு பாட்டுத் தொழிலாளனுக்கு வழிசொல்லும் நூல்; சீறியாழைச் சுமந்த பாணன் தன் சுற்றத்தோடு உப்பங்கழியோரம் நடந்து எயிற்பட்டினத்தை அடைந்து, பரதவர் குடியில் மீனும் மதுவும் பெற்று மேலே செல்கிறான். எங்கள் கரையைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சாட்சியத்தில் பாட்டும் உப்பும் ஒரே பாதையில் வருகின்றன என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம். ஒரு காலத்தில் எங்கள் உப்பு அந்தக் கால்வாய் வழியே படகேறிச் சென்னைக்குப் போயிற்று. எங்கள் வாலிபர்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தமிழரை ஏற்றிச் சென்று பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறக்கியது. அதற்குப்பின் அந்த மார்க்கத்தில் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985இல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்தே நின்றுபோயிற்று. பெரியப்பா 1978இல் சென்றது சிதம்பரத்தில். ஏழு நாட்களுக்கு மேல் நீடித்த அந்தப் பிரயாணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. தளத்தில் படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்த்ததை மட்டும் சொல்வார்.

அவர் தெரேசா தெங்கின் குரலை முதன்முதலில் கேட்டது ஒரு கோப்பிக்கடையில். அங்கே ஒரு நுட்பம் உண்டு. அதைக் கவனிக்காமல் இந்தக் கதையைச் சரியாக விளங்கிக்கொள்ள முடியாது. அந்தக் கடைக்காரர் வீட்டில் பேசியது ஹொக்கியன். சிங்கப்பூர்ச் சீனர்களில் மிகப் பெரும்பான்மையோர் அக்காலத்தில் ஹொக்கியன், தியோச்சியூ, காண்டனீஸ், ஹக்கா போன்ற தென்சீன மொழிகளைப் பேசியவர்கள். மாண்டரின் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்து மொழி. 1979ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் பிரதமர் லீ குவான் யூ மாண்டரின் பேசுவோம் என்னும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். தெரேசா தெங்கின் 'தியன் மி மி' வெளிவந்ததும் அதே 1979தான். ஆகவே, கல்மேசையின் ஒருபுறம் அமர்ந்த தமிழருக்கு மட்டுமின்றி, மறுபுறம் கோப்பி ஆற்றிக்கொண்டிருந்த சீனருக்கும் அந்தப் பாட்டின் பாஷை தாய்மொழியன்று. இருவருக்கும் நடுவில், இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில், இருவருக்கும் பிடித்த ஒரு குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா தம் பற்றைச் சீனர்களிடமிருந்து கடன் வாங்கவில்லை. ஒரு சீனரோடு சேர்ந்து அதை வளர்த்துக்கொண்டார். அவர் ஊர் திரும்பியபோது அந்தக் கடைக்காரர் கொடுத்தனுப்பியதே அந்த ஒலிநாடா.

இனி அந்தப் பாடகியின் வாழ்க்கையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தெரேசா தெங் 1953ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி தைவானின் யுன்லின் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். தந்தை சீனாவின் ஹெபெய் மாகாணத்திலிருந்து தேசியவாதிகளின் படையோடு தீவுக்கு வந்த போர்வீரர். தாயின் பூர்வீகம் ஷான்டோங் மாகாணம். பத்து வயதையொட்டிய பருவத்திலேயே வானொலிப் பாட்டுப் போட்டியில் பரிசு வென்ற அந்தப் பெண், பள்ளிப் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு மேடையைத் தொழிலாகக் கொண்டாள். பிற்காலத்தில் மாண்டரினோடு ஹொக்கியன், காண்டனீஸ், ஜப்பானியம், இந்தோனேசியம், ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் பாடினார். 1974இல் ஜப்பானில் புகழ்பெறத் தொடங்கி, 1980களின் நடுவில் அங்கே வரிசையாகப் பெருவெற்றிகளைக் கண்டார். அத்தனை ஆண்டுகளிலும், தம் பெற்றோர் பிறந்த சீனப் பெருநிலத்தில் அவர் ஒருமுறைகூட மேடையேறியதில்லை. 1995ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி, தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், ஆஸ்துமா கடுமையாகி, தம் நாற்பத்திரண்டாம் வயதில் காலமானார். மணம் செய்துகொள்ளவில்லை. தைவானின் வடகரை மலைச்சரிவில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில், காலால் மிதித்தால் ஒலிக்கும் பெரிய பியானோக் கட்டைகளை அமைத்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் வணங்கிவிட்டு அந்தக் கட்டைகளை மிதித்து ஒரு ஸ்வரத்தை எழுப்பிவிட்டு வருகிறார்கள்.

அவர் கால்வைக்காத அந்தப் பெருநிலத்தில் அவருடைய குரல் நுழைந்த விதம் தமிழருக்கு மிக எளிதில் விளங்கக்கூடியது. மாவோவின் மறைவுக்குப் பின்னரும் அவருடைய பாடல்கள் மனத்தை நலிவிக்கும் இழிந்த இசை என்று பீஜிங் அதிகாரத்தாரால் கண்டிக்கப்பட்டன. ஆயினும், ஜனங்கள் சிற்றலை வானொலியை இரவில் தணித்து வைத்துக் கேட்டார்கள். ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவுக்குப் பிரதி எடுத்துக் கைமாற்றினார்கள். பகலில் பெரிய தெங், இரவில் சின்னத் தெங் என்று அங்கே ஒரு வழக்கு உண்டாயிற்று. பெரியவர் நாட்டை நடத்திய தெங் சியாவோபிங். நம் நாட்டிலும், 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு சாஸ்திரீய சங்கீதத்தைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமல் செய்ததும், ஜனங்கள் இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பியதும், 1957இல் விவித பாரதி தொடங்கும் வரை அந்த நிலை நீடித்ததும் நம் பெற்றோர் அறிந்த சரித்திரம். அரசாங்கங்கள் ரசனையைச் சட்டத்தால் திருத்த முற்படும்போதெல்லாம் அடுத்த கரையிலிருந்து ஒரு குரல் கடலைத் தாண்டி வருகிறது.

தெரேசா தெங்கின் விஷயத்தில் இது வெறும் உருவகமன்று. சீனாவின் ஃபூஜியான் கரைக்கு மிக அருகில், தைவான் ஆட்சியில் உள்ள கின்மென் தீவில், 1967இல் கட்டப்பட்ட ஒரு சுவர் கடலைப் பார்த்து நிற்கிறது. அதில் நாற்பத்தெட்டு ஒலிபெருக்கிகளைப் பதித்து, எதிர்க்கரையை நோக்கிப் பிரசாரத்தையும் பாடல்களையும் இரவும் பகலும் முழக்கினார்கள். அவற்றுள் தெரேசா தெங்கின் குரலும் ஒன்று. 1991இல் அவரே அந்தத் தீவுக்கு வந்து எதிர்க்கரை மக்களை விளித்துப் பேசினார். பீரங்கிகள் ஒன்றையொன்று பார்த்து நின்ற அந்த நீரின்மேல், உரக்கப் பாடத் தெரியாத ஒரு பெண்ணின் குரலை இயந்திரத்தால் பெருக்கி அனுப்பினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. அவருடைய சாரீரத்தின் இயல்பு அந்தரங்கம். அதை ஆயுதமாக்கியவர்களும் அந்த இயல்பை மாற்ற இயலவில்லை.

அந்த ஃபூஜியான் கரையைத் தமிழர் மறந்துவிடக் கூடாது. சிங்கப்பூர்க் கோப்பிக்கடைக்காரரின் ஹொக்கியன் அந்தக் கரையின் மொழி. அதே கரையின் சுவான்ஜோ நகரில், 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. மங்கோலியப் பேரரசின் காலத்தில் தமிழ் வணிகர் அங்கே ஒரு சிவன் கோயில் எழுப்பியதை அது தெரிவிக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து மிளகும் துணியும் சென்ற துறையிலிருந்து, எழுநூறு ஆண்டுகள் கழித்து, சிங்கப்பூரைச் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு குரல் மரக்காணம் வந்து சேர்ந்தது. அதை அந்நியச் சரக்கு என்று சொல்ல என்னால் இயலாது.

சங்கீத இலக்கணத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் அந்நியம் குறைகிறது. சீனர்கள் கோங், ஷாங், ஜியுவே, ஜி, யூ என்று அழைக்கும் ஐந்து ஸ்வரங்கள், ஸ ரி க ப த என்னும் நம் மோகனத்தின் ஸ்வரங்களே. பழந்தமிழில் குரல், துத்தம், கைக்கிளை, இளி, விளரி. இடையர் குலத்துக்குரிய முல்லைப்பண்ணை இந்த மோகனத்தோடு பொருத்திக் காண்போர் நம் இசை ஆராய்ச்சியாளரில் உண்டு. 'தியன் மி மி'யின் தொடக்கம் இந்த ஐந்துக்குள்ளேயே நடக்கிறது. மோகனத்தில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த செவிக்கு அதில் வழி தவறுவதற்கு இடமே இல்லை. அவருடைய எல்லாப் பாடல்களும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. நிலவை நெஞ்சுக்கு ஒப்பிடும் அவருடைய புகழ்பெற்ற 1977ஆம் ஆண்டுப் பாட்டில் முதல் அடியிலேயே காகலி நிஷாதம் வந்துவிடுகிறது. அது மோகனத்தை விட்டுச் சங்கராபரணத்தின் வாசலில் நிற்கும் மெட்டு. ஒரு மாலைப்பொழுதில் பெரியப்பா அந்தப் பாட்டை வாயால் முணுமுணுத்தபோது, அந்த நிஷாதத்தை அப்படியே நிறுத்தாமல் ஷட்ஜத்திலிருந்து மெல்ல இழைத்து இறக்கியதைக் கேட்டேன். பாட்டுக் கற்காத தமிழ்த் தொண்டை தானறியாமல் செய்த கமகம் அது.

குரலின் தாழ்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கியின் துணையில்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிப் பழகியவர்கள். அந்த வீரியம் ஒரு யுகத்தின் அழகு. மைக் வந்தபின் பாடகர் ரசிகனின் காதருகே வர முடிந்தது. ஷாங்காய் நகரில் 1930களில் ஜோ ஷுவான் போன்றவர்கள் தொடங்கிய மென்குரல் மரபு தெரேசா தெங்கிடம் பூரணமடைந்ததுபோல, நம்மிடையே ஏ.எம். ராஜா, ஜிக்கி, பி. சுசீலா ஆகியோரிடம் அது வளர்ந்தது. மூச்சை எங்கே விடுவது, மெய்யெழுத்தை எவ்வளவு மெதுவாகத் தொடுவது என்பவையே அங்கே கலையாகின்றன. இந்தக் கலைக்குப் பொருள் தெரியாத ரசிகன் குருடனாகிவிடுவதில்லை.

ஆனால் பொருள் வேண்டாமா? இந்தக் கேள்வியைத் தமிழ்நாடு ஒரு தலைமுறைக்காலம் கடுமையாக விவாதித்திருக்கிறது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் நிறுவிய தமிழிசைச் சங்கமும், கல்கியும் டி.கே.சி.யும் ராஜாஜியும் எழுதியும் பேசியும் வந்த வாதங்களும், கேட்போனுக்கு விளங்கும் மொழியில் பாட வேண்டும் என்பதையே மையமாகக் கொண்டவை. அந்தக் கட்சி நியாயமானது. நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன். தன் மொழியில் பாடுவதற்கு இடமில்லாத மேடை அநீதியான மேடை. எனினும், மேடையில் உரிமை என்பது ஒன்று, செவியில் அன்பு என்பது வேறொன்று. தெலுங்கு அறியாத தமிழர் தியாகராஜரின் கிருதிகளுக்குக் கண்ணீர் விட்டதும் உண்மையே. தமிழ்ச் சொற்களின் இனிமைக்கு நாம் உதாரணம் காட்டும் பி. சுசீலா, எஸ். ஜானகி, பி.பி. ஸ்ரீனிவாஸ் ஆகிய மூவரும் ஆந்திரத்தில் பிறந்தவர்கள் என்பதும் உண்மையே. பிற மொழியினர் நம் சொற்களைக் காதலோடு பழகிப் பாடியதால் நாம் பெற்ற இன்பத்தை எண்ணினால், பிற மொழிப் பாட்டைக் காதலோடு கேட்கும் தமிழனைக் குறைசொல்ல மனம் வராது.

பொருள் தெரிந்தபின் என்ன நிகழ்கிறது என்பதை என் சொந்த அனுபவத்தாலேயே சொல்லலாம். பெரியப்பாவின் ஒலிநாடாவின் இரண்டாம் பக்கத்தில் மெதுவான ஒரு பாட்டு இருந்தது; அதை அவர் 'நெலாப் பாட்டு' என்று சொல்வார். எப்படித் தெரியும் என்று கேட்டால், கடைக்காரர் வானத்தைக் காட்டினார் என்பதே பதில். நான் பின்னர் ஆராய்ந்தபோது, அது 1983இல் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பைச் சேர்ந்தது என்று தெரிந்தது. பழைய சீனக் கவிதைகள் பன்னிரண்டுக்குப் புதிய மெட்டமைத்துத் தெரேசா தெங் பாடிய தொகுப்பு அது. அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் லியாங் ஹோங்ஜி. கவிதையை எழுதியவர் சோங் பேரரசுக் காலத்து மகாகவி சூ ஷி. 1076ஆம் ஆண்டின் இலையுதிர்காலப் பௌர்ணமி இரவில், ஷான்டோங் பிரதேசத்து மிஜோவில் அதிகாரியாக இருந்த சூ ஷி, பல்லாண்டுகளாகக் காணாத தம் தம்பியை நினைத்து எழுதியது; தொலைவில் உள்ளவர்களும் ஒரே நிலவைக் காண்கிறார்கள் என்ற ஆறுதலில் முடிவது. பாடியவரின் தாய் பிறந்த மாகாணம் அந்த ஷான்டோங். தாயின் மண்ணை மிதிக்காத மகள், அந்த மண்ணிலிருந்து எழுதப்பட்ட பிரிவுப் பாட்டை, பிரிந்த கரையிலிருந்து பாடினாள்.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை மரக்காணத்தைப் பற்றியதாக இருந்திராது. சூ ஷியின் வாழ்க்கையை மேலும் படித்தபோது உப்பு எதிர்ப்பட்டது. மிஜோவுக்கு முன் அவர் ஹாங்ஜோவில் பதவி வகித்த காலத்தில், உப்பு வாணிகத்தை அரசே இறுக்கிப் பிடித்திருந்த சட்டங்களால் ஏழைகள் பட்ட துன்பத்தைக் கண்டு, மலைநாட்டு முதியவர்கள் மாதக்கணக்கில் உப்பின்றி உண்பதைக் குறிப்பாகச் சொல்லும் கவிதை ஒன்றை 1073இல் எழுதினார். 1079இல் அரசை நிந்தித்தார் என்று அவரைச் சிறையிலிட்டு விசாரித்தபோது, குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டப்பட்ட கவிதைகளுள் அதுவும் ஒன்று. உயிர் தப்பியது அரிது, நாடுகடத்தல் கிடைத்தது. உப்புக்காக எழுதிய வரிகளால் ஒரு கவி சிறைப்பட்ட செய்தியை, 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் நாமக்கல் கவிஞரின் பாட்டைப் பாடிக்கொண்டே திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்து சிறைப்பட்டவர்களின் நாட்டில் பிறந்த நான், எந்த உணர்ச்சியுமின்றி எப்படிப் படிக்க முடியும்? எங்கள் உப்புக் கொட்டகையில் ஒரு கோடைக்காலம் முழுவதும் ஒலித்தது, உப்பில்லாதவர்களுக்காகப் பேசிய ஒரு கவியின் சொல் என்பது பெரியப்பாவுக்குத் தெரியாது. கூடையை இறக்காமல் நின்று கேட்ட அந்த அம்மாளுக்கும் தெரியாது. தெரியாமலே அவர்கள் கொண்ட அன்பு பொய்யாகிவிடவில்லை. தெரிந்தபின் என் அன்புக்கு ஆழம் கூடியது. பொருள் அறிதல் அன்புக்கு முன்நிபந்தனை என்று கொள்வதைவிட, அன்பின் கடமை என்று கொள்வதே பொருத்தமாகும்.

'தியன் மி மி' பற்றியும் அவ்வாறே ஒரு பிற்கால அறிவு உண்டு. அதன் சீனச் சொற்களை எழுதியவர் ஜுவாங் நூ என்ற தைவான் பாடலாசிரியர், மெட்டோ சீனத்ததன்று. 'தாயுங் சம்பான்' என்னும் இந்தோனேசிய நாட்டுப்பாட்டு அது. சம்பானைத் துடுப்பால் வலி என்பது அதன் பெயரின் பொருள். படகோட்டியின் பாட்டு காதல் பாட்டாகி, தைவானுக்குச் சென்று, சீனா முழுவதும் பரவிற்று. நான் இதை அறிந்து பெரியப்பாவிடம் சொன்ன நாள் எனக்கு மறவாது. அவருக்கு அப்போது எழுபது வயது கடந்துவிட்டது; கண்பார்வை மங்கியிருந்தது. எங்கள் பக்கத்து மீனவர்கள் வலையிழுக்கும்போது பாடும் அம்பாவைச் சிறுவயதில் அவரும் பாடியவர். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "தண்டு வலிக்கிற பாட்டுன்னு அப்பவே நெனச்சேன் தம்பி. உடம்பு அசையுது பாரு" என்றார். நூல்களைத் தேடி நான் கண்டதை, அந்த உடம்பு முப்பது வருஷங்களுக்கு முன்பே கேட்டு வைத்திருந்தது.

பெரியப்பா இப்போது இல்லை. அந்த ஒலிநாடா என்னிடம் இருக்கிறது. உப்புக்காற்றில் அதன் நாடா ஓரங்களில் பழுப்பேறி, முதல் பக்கத்தின் நடுவில் சிறிது தூரம் குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் கலங்கி, பின் தெளிகிறது. உறைத் தாளில் சீன எழுத்துக்களுக்குக் கீழே, பெரியப்பாவின் கையெழுத்தில், பென்சிலால் 'தெங் பாட்டு' என்று தமிழில் எழுதியிருக்கிறது. கடைக்காரரின் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை; நானும் உரிய காலத்தில் கேட்கத் தவறிவிட்டேன்.

மரக்காணத்திலும் நாகப்பட்டினத்திலும் ராமநாதபுரத்திலும், கடல்கடந்து உழைத்துத் திரும்பியவர்கள் இருக்கும் வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் பரண்களில் இப்படிப்பட்ட ஒலிநாடாக்களும் இருக்கக்கூடும். அவற்றைக் குப்பை என்று எறிவதற்கு முன், வாசகர்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து, அது எந்த ஊரில், எந்த வருஷத்தில், யார் கையிலிருந்து வந்தது என்று கேட்டு, உறைத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி வைக்குமாறு வேண்டுகிறேன்.